ஐந்தாம் தொகுதியை எங்களுக்கு மறுக்காதீர்கள்: தமிழ்ப் படக்கதைப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஜப்பானியக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் 'அடால்ஃப்' என்ற மங்காத் தொடரை, அதாவது ஜப்பானியப் படக்கதைத் தொடரைத் தமிழில் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். கொண்டுவந்தால் அதன் கடைசித் தொகுதியை ஒரு பக்கமும் குறைக்காமல் கொண்டுவாருங்கள் என்பது அதோடு சேர்ந்த கோரிக்கை. முதல் கோரிக்கையை விட இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அரைகுறையாக வருவதானால் இந்தத் தொடர் தமிழுக்கு வராமலே இருக்கலாம் என்று நினைக்கிறேன். காரணத்தை விளக்கக் கதையின் முடிவைச் சொல்லியாக வேண்டும். படிக்கக் காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொடர் 1983 ஜனவரியில் தொடங்கி 1985 மே மாதம் வரை 'ஷூகான் புன்ஷுன்' என்ற ஜப்பானிய வார இதழில் வெளிவந்தது. அது சிறுவர்களுக்கான இதழ் அல்ல, மங்கா இதழும் அல்ல. அரசியலையும் ஊழலையும் எழுதுகிற செய்தி வார இதழ். ரயிலில் அலுவலகம் போகும் பெரியவர்கள் வாங்கிப் படித்தார்கள். பிறகு இலக்கிய நூல்களைப் போலக் கெட்டி அட்டையில் புத்தகமாயிற்று. 1986-இல் கோடன்ஷா மங்கா விருது கிடைத்தது. ஆங்கிலத்தில் முதலில் 1995, 1996 ஆண்டுகளில் ஐந்து தொகுதிகளாகவும், 2012-இல் இரண்டு பெரிய புத்தகங்களாகவும் வந்தது. நான் ஐந்தாம் தொகுதி என்று சொல்வது அந்தப் பழைய ஆங்கிலப் பகுப்பை வைத்துத்தான்.

தமிழ் வாசகர்கள் இவ்வளவு கனமான கதையைத் தாங்குவார்களா என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது படித்த சிறுவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் 'இரத்தப் படலம்' என்ற படக்கதைத் தொடரை ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாகப் படித்தவர்கள். நினைவிழந்த ஒருவன், அவன் உடலில் பச்சை குத்திய எண், சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர், அரசுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சதிகாரர்கள்: அந்தச் சிக்கலை எல்லாம் நினைவில் வைத்து அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தார்கள். 2010-இல் பதினெட்டுப் பாகங்களும் ஒரே புத்தகமாக வந்தபோது முன்பதிவு செய்து வாங்கினார்கள். சதிக்கதையின் இலக்கணம் தெரிந்த வாசகர் கூட்டம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இலக்கணத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெசுகா கடைசித் தொகுதியில் என்ன செய்கிறார் என்பது முழுதாக உறைக்கும்.

கதை 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தொடங்குகிறது. செய்தி சேகரிக்கப் போன சோஹெய் தோகே என்ற ஜப்பானியர், அங்கே படித்துக்கொண்டிருந்த தன் தம்பி கொலையுண்டதைக் காண்கிறார். கொலையைப் பற்றிக் கேட்கப் போனால், அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்கிறார்கள். அதே ஆண்டில் ஜப்பானின் கோபே நகரில் ஒரு கெய்ஷா, விருந்துகளில் ஆடிப் பாடும் பெண், கொல்லப்படுகிறாள். இரு கொலைகளையும் இணைப்பவை சில தாள்கள். ஹிட்லருக்கு யூத வம்சாவளி உண்டு என்று நிறுவும் ஆவணங்கள் அவை. தம்பி அவற்றை ஜப்பானில் இருக்கும் தன் பழைய ஆசிரியைக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டே இறந்திருக்கிறான். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அதிகாரி ஒருவன் அந்தத் தாள்களுக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் வருகிறான். ஜப்பானின் அரசியல் போலீஸ் துரத்துகிறது. ரிச்சர்ட் சோர்கேயின் உளவு வட்டம் குறுக்கே வருகிறது. சோர்கே வரலாற்று மனிதர்: ஜெர்மன் செய்தியாளர் வேடத்தில் டோக்கியோவிலிருந்து மாஸ்கோவுக்கு உளவு சொன்னவர், 1941 அக்டோபரில் பிடிபட்டு 1944 நவம்பர் 7 அன்று தூக்கிலிடப்பட்டவர்.

இந்தத் துரத்தலுக்கு நடுவே இரண்டு சிறுவர்கள் வளர்கிறார்கள். இருவருக்கும் பெயர் அடால்ஃப். அடால்ஃப் காஃப்மன், கோபேயில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரக அதிகாரிக்கும் யுகியே என்ற ஜப்பானியப் பெண்ணுக்கும் பிறந்தவன். அடால்ஃப் கமில், அதே நகரில் ரொட்டிக் கடை நடத்தும் யூதக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் உயிர்த் தோழர்கள். காஃப்மனை அவன் விருப்பத்துக்கு மாறாக ஜெர்மனிக்கு அனுப்பி, ஹிட்லர் பெயரால் நடக்கும் பள்ளியில் சேர்க்கிறார்கள். அகதிகளுக்கு உதவ ஐரோப்பா போன கமிலின் தந்தை அங்கே சிக்கிக்கொள்கிறார். அவரைச் சுடும்படி துப்பாக்கியை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். அவன் சுடுகிறான்.

இதுவரை சொன்னது முதல் நான்கு தொகுதிகளின் கதை; அவற்றைப் பற்றி நான் உங்களிடம் வாதாட வேண்டியதில்லை. எந்தப் பதிப்பாளரும் இவற்றைப் புரட்டிப் பார்த்தால் விற்கும் என்று உடனே தெரிந்துகொள்வார். ஓட்டம் இருக்கிறது, மர்மம் இருக்கிறது, ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைக் கேட்டு முடிகிறது. என் கவலை எல்லாம் ஐந்தாவதைப் பற்றித்தான்.

அது தொடங்கும்போது ஜெர்மனி தோற்றுக்கொண்டிருக்கிறது. ஹிட்லருக்கு நெருக்கமான பதவியில் இருந்த காஃப்மனை ஆவணங்களை மீட்டு அழிக்கும்படி நீர்மூழ்கிக் கப்பலில் ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்த ஊருக்குத் திரும்புகிறான். அவன் மனத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. எலிசா என்ற யூதப் பெண்ணை அவன் காதலித்தான், அவளைச் சாவிலிருந்து காப்பாற்றிக் கோபேவுக்கு, தன் நண்பன் கமிலிடம் அனுப்பிவைத்தான். அவன் செய்த ஒரே நல்ல காரியம் அது. வந்து பார்த்தால் எலிசா கமிலுக்கு உரியவளாகிவிட்டாள். அதன்பின் அவன் அவளுக்குச் செய்யும் கொடுமையைத் தெசுகா மறைக்கவில்லை, கவர்ச்சியாகவும் காட்டவில்லை. அந்த இடத்தில் நட்பு செத்துவிடுகிறது. பிறகு ஆவணங்களுக்காகக் கமிலைச் சித்திரவதை செய்யும் அளவுக்குப் போகிறான். கடைசியில் தாள்கள் அவன் கைக்கு வருகின்றன.

வரும்போது ஹிட்லர் இறந்துவிட்டார். ஆட்சி இல்லை, கட்சி இல்லை, தாள்களை ஒப்படைக்க ஆள் இல்லை.

நான் படித்த சதிக்கதைகளில் இப்படி ஓர் இடத்தை வேறெங்கும் கண்டதில்லை. எத்தனை பேர் செத்தார்கள் அந்தத் தாள்களுக்காக! தோகேயின் தம்பி, அந்தக் கெய்ஷா, தன் ராணுவத் தந்தையின் கையாலேயே சாகும் ஓர் இளைஞன், இன்னும் பலர். வழக்கமான சதிக்கதையில் ரகசியம் வெளியே வந்ததும் உலகம் மாறும். சதிகாரன் வீழ்வான், துரத்தப்பட்டவன் நிமிர்வான். இங்கே ரகசியம் யாரையும் வீழ்த்துவதில்லை. போரும் குண்டும் சேர்ந்து அதைப் பொருளற்றதாக்கிவிடுகின்றன. நான்கு தொகுதிகள் முழுக்க நம்மை ஓடவைத்த ஒரு பொருளைத் தெசுகா ஐந்தாவதில் நம் கையில் வைத்து, இதற்காகவா என்று கேட்காமலே கேட்கிறார்.

இதே பக்கங்களில்தான் கோபே எரிகிறது. 1945 மார்ச் 17 அன்றும் ஜூன் 5 அன்றும் அமெரிக்க விமானங்கள் அந்நகரின் மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. தெசுகா அப்போது பதினாறு வயதுப் பையன். அருகிலுள்ள தகராசுகாவில் வளர்ந்தவர், ஒசாகாவில் ஒரு தொழிற்சாலையில் கட்டாய உழைப்பில் இருந்தார். அந்த ஜூன் மாதம் ஒசாகா தாக்கப்பட்டபோது கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று உயிர் பிழைத்தார். அவர் வரைந்த எரியும் தெருக்களைப் பார்க்கும்போது அது கேட்டு எழுதியதல்ல என்பது தெரிகிறது. காஃப்மனின் தாய் யுகியே அந்தக் குண்டுவீச்சில் அடிபட்டு, வயிற்றில் குழந்தையோடு நினைவின்றிக் கிடக்கும் பகுதியை நான் வேகமாகக் கடந்துபோக முயன்றேன், முடியவில்லை.

இங்கே முடித்துவிடலாமே என்று தோன்றும். போர் முடிந்தது, ஹிட்லர் செத்தார், ஆவணம் வீணாயிற்று. ஓர் ஆசிரியருக்கு இதைவிட வசதியான முடிவு கிடைக்காது. தெசுகா நிற்கவில்லை. கதை அங்கிருந்து மேற்காசியாவுக்குத் தாவுகிறது. தப்பியோடிய காஃப்மன் பல ஆண்டுகள் வேட்டையாடப்பட்டு, கடைசியில் பாலஸ்தீனப் போராளிகளிடம் சேர்கிறான். அங்கே மணம் செய்கிறான், ஒரு மகள் பிறக்கிறாள். கமில் இஸ்ரேல் ராணுவத்தில் அதிகாரியாகியிருக்கிறான். அந்த ராணுவத்தின் தாக்குதலில் காஃப்மனின் மனைவியும் மகளும் சாகிறார்கள். காஃப்மன் கமிலைச் சண்டைக்கு அழைத்துச் சுவரொட்டி ஒட்டுகிறான். ரொட்டிக் கடையைச் சுற்றி ஓடி விளையாடிய இரண்டு பேரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள். கமில் சுட, காஃப்மன் விழுகிறான். பிறகு கமிலும் உயிரோடு இல்லை. 1983-இல் முதியவரான தோகே இஸ்ரேலில் ஒரு கல்லறைக்கு வந்து, இந்தக் கதையை எழுதுவது என்று முடிவு செய்கிறார்.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் வெற்றுக் காரணங்கள் அல்ல. முதலாவது, அவசரம். ஒன்பது ஆண்டு நிகழ்ச்சிகளை ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் நிதானமாகச் சொன்ன கலைஞர், அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளை மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிறார். தொடர் நடந்துகொண்டிருந்தபோது தெசுகா நோயுற்று மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அதன் தழும்பு இந்தப் பக்கங்களில் இருக்கிறது. காஃப்மனின் பாலஸ்தீன மனைவியும் மகளும் நமக்கு அறிமுகமாகும் முன்பே செத்துவிடுகிறார்கள். எலிசாவுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இது குறைதான். இதை மறைத்துக்கொண்டு உங்களிடம் பரிந்துரைக்க நான் விரும்பவில்லை.

இரண்டாவது, அரசியல். யூதர்களை நாஜிகளோடு ஒப்பிடுகிறார் என்று ஒரு சாராரும், பாலஸ்தீனப் போராட்டத்துக்குள் ஒரு நாஜியைக் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்று மறு சாராரும் சொல்லக்கூடும். இரண்டு மனக்குறைகளும் நேர்மையானவை. நானும் அந்தப் பக்கங்களை நிம்மதியாகப் படித்தவன் அல்ல. ஆனால் பதிப்பாளர் இதற்குப் பயந்து 1945-இல் கதையை முடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஜெர்மானியன் கெட்டவன், யூதன் பாதிக்கப்பட்டவன், ஜப்பானியன் சாட்சி என்று மூன்று பெட்டிகளில் அடைத்த கதையாகிவிடும். ரத்தத்தை வைத்து ஆளை எடைபோட்ட ஹிட்லரைப் பற்றிய கதை, தானும் ரத்தத்தை வைத்தே ஆட்களைப் பிரித்துவிட்டதாக முடியும். தெசுகா கமிலுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க மறுக்கிறார். தந்தையை இழந்தவன், காதலிக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டவன், தோழனாலேயே வதைபட்டவன். அவனும் ஒரு நாள் சீருடை போட்டுக்கொண்டு இன்னொருவன் மகளின் சாவுக்குக் காரணமாகிறான். அவனை அப்படி வரைய ஒரு கலைஞனுக்கு மிகுந்த துணிவு வேண்டும். சிறுவயதுக் கமில் மீது அவர் காட்டிய அன்பை நான்கு தொகுதிகளில் பார்த்தவர்களுக்கே அது எவ்வளவு கடினமான முடிவு என்று புரியும். காஸாவிலிருந்து வரும் படங்களை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் இந்தப் பக்கங்களை 1985-இல் படித்தவர்களைவிட வேறு விதமாகப் படிப்பார்கள். அந்த உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற ஒன்றைச் சொல்கிறேன். கதையின் மையத்தில் இருக்கும் ரகசியம் உண்மையல்ல.

ஹிட்லரின் தந்தை அலாய்ஸ் 1837-இல் மரியா அன்னா ஷிக்கல்குரூபர் என்ற மணமாகாத பெண்ணுக்குப் பிறந்தார். தந்தை யார் என்று ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்படவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் வதந்தி முளைத்தது. போலந்தில் நாஜி ஆட்சியை நடத்திய ஹான்ஸ் ஃபிராங்க், நியூரம்பர்க் சிறையில் தூக்குக்குக் காத்திருந்தபோது எழுதிய நினைவுக் குறிப்பில், அந்தப் பெண் கிராட்ஸ் நகரில் ஃபிராங்கன்பெர்கர் என்ற யூதக் குடும்பத்தில் வேலை செய்தாள் என்று எழுதிவைத்தார். அவர் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார், குறிப்பு 1953-இல் நூலாக வந்தது. வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு குடும்பம் கிராட்ஸில் வாழ்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த மாநிலத்திலிருந்து யூதர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெளியேற்றப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை குடியேற அனுமதிக்கப்படாமல் இருந்தார்கள். ஹிட்லரின் வாழ்க்கையை எழுதிய முதன்மையான ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை.

தெசுகா கதை எழுதினார், அதில் தவறில்லை. ஆனால் வதந்தி கதைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. 2022 மே மாதம் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இத்தாலியத் தொலைக்காட்சிப் பேட்டியில் ஹிட்லருக்கு யூத ரத்தம் இருந்தது என்று சொல்ல, இஸ்ரேல் கடுமையாகக் கண்டித்தது. ஒரு பெரிய நாட்டின் அமைச்சரே சொல்லும்போது சாதாரண வாசகர் நம்பமாட்டாரா? நம்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்காதீர்கள். அதை நம்புகிறவர் அடுத்த நொடியில், யூதர்களை அழித்ததும் ஒரு யூதன்தானே என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கொன்றவனின் பழியைக் கொல்லப்பட்டவர்கள் தலையிலேயே ஏற்றும் வேலையைத்தான் அந்த வதந்தி செய்கிறது.

தமிழ்ச் சூழலில் இதற்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஹிட்லரின் சுயசரிதை நம் புத்தகக் கண்காட்சிகளிலும் நடைபாதைக் கடைகளிலும் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் விற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரை ஒழுங்கும் உறுதியும் உள்ள தலைவர் என்று வியந்து பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் வந்து 1914-இல் சென்னையின் மேல் குண்டு வீசினார் என்பதைச் சான்று எதுவும் கேட்காமல் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அவர் அந்த நாட்களில் ஐரோப்பாவில் இருந்து இந்திய விடுதலைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். செய்த வேலையே பெருமைக்குப் போதுமானதாக இருந்தும், கப்பல் கதைதான் நமக்கு இனிக்கிறது. இப்படிப்பட்ட வாசகர்களிடம் இந்தத் தொடரைக் கொடுக்கும்போது இரண்டு பக்க வரலாற்றுக் குறிப்பு அவசியம். அதை முதல் தொகுதியில் வைத்தால் மர்மம் கெடும். கடைசித் தொகுதியில், கதை முடிந்த மறுபக்கத்தில் வையுங்கள். ஐந்தாம் தொகுதி வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான்கோடு நிறுத்தினால் ஆவணம் உண்மை, அது உலகையே அசைக்கும் என்ற நினைப்போடுதான் வாசகர் புத்தகத்தை மூடுவார்.

அட்டையில் ஹிட்லரின் முகத்தைப் பெரிதாகப் போடாதீர்கள். அந்த முகத்துக்கு விற்பனை மதிப்பு உண்டு என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கோபேயின் மலைச்சரிவில் இரண்டு சிறுவர்கள் நிற்கட்டும்.

பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடுவதும் வேண்டாம். ஜப்பானியப் படக்கதை வலமிருந்து இடமாக ஓடுகிறது. தமிழ் வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று படங்களைத் திருப்பிப் போட ஆசை வரும். வேறொரு கதையானால் இடக்கையில் வாளைப் பிடித்த சாமுராயோடு போய்விடும். இந்தக் கதையில் நாஜி வணக்கம் இடக்கையால் நடக்கும். அதைவிட மோசம், நாஜிகளின் ஸ்வஸ்திகா எதிர்த்திசைக்குத் திரும்பி, ஜப்பானில் புத்தர் கோயில்களைக் குறிக்கும் அடையாளமாகிவிடும். நம் ஊரிலும் அந்த இரு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வலமிருந்து இடமாகப் படிக்க வாசகர்கள் பத்துப் பக்கங்களில் பழகிவிடுவார்கள். இளைய வாசகர்கள் ஏற்கெனவே பழகியிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு வேண்டுகோள். முடிந்தால் ஜப்பானிய மூலத்திலிருந்து செய்யுங்கள். கமில் மூலத்தில் கோபேயும் ஒசாகாவும் உள்ள கன்சாய் வட்டாரத்தின் வழக்கில் பேசுகிறான். வெள்ளை முகமும் யூதப் பெயரும் உள்ள பையன் கோபேக்காரன் போலவே பேசுவதில்தான் அவன் அந்த மண்ணுக்குச் சொந்தமானவன் என்பது தெரிகிறது. காஃப்மனோ ஜப்பானியத் தாய் வயிற்றில் பிறந்தும் அந்த ஊரிலிருந்து பிடுங்கப்பட்டவன். எல்லோரையும் ஒரே பாடநூல் தமிழில் பேசவைத்தால் இது காணாமல் போகும். கமிலுக்கு ஒரு துறைமுக ஊரின் தமிழைக் கொடுங்கள், தூத்துக்குடியோ நாகப்பட்டினமோ உங்கள் விருப்பம். ஐந்தாம் தொகுதியில் அவன் இஸ்ரேல் அதிகாரியாகப் பேசும்போது அந்த வழக்கு எவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும் என்பதை மட்டும் நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள்.

காஃப்மனின் நீர்மூழ்கிப் பயணம் கற்பனையின் அத்துமீறல் என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒரு வழி உண்மையிலேயே இருந்தது. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்ட சுபாஷ் சந்திர போஸ், ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் அருகே கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகு வழியாக ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். அந்தப் பயணத்தின் முடிவில்தான் மலேயாவின் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் அவர் பின்னே திரண்டார்கள். போஸ் மாறிய அதே இடத்தில் எதிர்த்திசையில் ஜெர்மன் கப்பலுக்கு மாறிய இரண்டு ஜப்பானியக் கடற்படைப் பொறியாளர்களில் ஒருவர் தொமொனாகா ஹிதேயோ. 1945-இல் யு-234 என்ற நீர்மூழ்கி யுரேனிய ஆக்சைடைச் சுமந்துகொண்டு ஜப்பான் நோக்கிப் புறப்பட்டபோது அவர் அதில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஜெர்மனி சரணடைந்தது. கப்பல் அமெரிக்கர்களிடம் சரணடைய முடிவு செய்ததும் அவரும் உடனிருந்த இன்னொரு ஜப்பானிய அதிகாரியும் தற்கொலை செய்துகொண்டார்கள். காஃப்மன் கோபேவுக்குக் கொண்டுபோகும் பயனற்ற கட்டளையைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு பேர் என் நினைவுக்கு வருகிறார்கள்.

கோபேயின் யூதர்களும் அப்படித்தான், தெசுகாவின் கற்பனை அல்ல. 1940 கோடையில் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதர் சியுனே சுகிஹாரா மேலிடத்து ஆணையை மீறி எழுதிக் கொடுத்த விசாக்களோடு, சைபீரியாவை ரயிலில் கடந்து, விளாதிவோஸ்தோக்கில் கப்பலேறி, சுருகாவில் இறங்கிய அகதிகள் ஆயிரக்கணக்கில் கோபேக்கு வந்தார்கள். 1941-இல் எஞ்சியிருந்தவர்கள் ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டார்கள். இதையெல்லாம் அடிக்குறிப்புகளால் நிரப்பிக் கதையை மூச்சுத்திணற வைக்க வேண்டாம். கடைசித் தொகுதியின் அதே வரலாற்றுக் குறிப்பில் சில வரிகள் போதும்.

வயதைப் பற்றி: இது சிறுவர்களுக்கான புத்தகம் அல்ல. சித்திரவதை உண்டு, பாலியல் வன்கொடுமை உண்டு. அட்டையிலேயே பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு என்று அச்சிடுங்கள். எலிசாவுக்கு நேர்வதை மட்டும் கத்தரித்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கத்தரித்தால் கமில் ஏன் அந்த மனிதனாக மாறினான் என்பது புரியாமல் போகும், காஃப்மன் மேல் வாசகருக்கு வரக்கூடாத இரக்கம் வரும்.

வெளியிடும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் தொகுதி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மற்றவற்றை முடிவு செய்யலாம் என்று தொடங்காதீர்கள். தமிழில் பாதியில் நின்றுபோன தொடர்களால் வாசகர்கள் எவ்வளவு மனம் நொந்திருக்கிறார்கள் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உரிமையைப் பெறும்போதே ஐந்துக்கும் சேர்த்துப் பெறுங்கள். இரண்டு கனத்த புத்தகங்களாக, ஒரே நேரத்தில், முன்பதிவுக்கு ஏற்ற எண்ணிக்கையில் அச்சிடுங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும். தாளின் விலையும் உரிமைத் தொகையும் தெரிந்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள். தவணையில் கட்ட வாய்ப்புக் கொடுத்தால் மாணவர்களும் வாங்குவார்கள். மாவட்ட மைய நூலகங்களுக்கு வாங்கிக் கொடுக்க என்னைப் போன்ற வாசகர்கள் சிலர் சேர்ந்து பணம் திரட்டவும் தயாராக இருக்கிறோம்.

முன்பதிவு அறிவிப்பில் 'முழுப் பதிப்பு, ஐந்து தொகுதிகளும் அடங்கியது' என்ற வரி இருந்தால் போதும், அன்றே பணம் கட்டுகிறேன்.

அன்புடன்,
தமிழில் படக்கதை படித்து வளர்ந்த ஒரு வாசகர்